குழு லோன் முதல் அமைச்சரவை வரை: கூட்டுப் பொறுப்பில் யார் தலையில் எவ்வளவு?

ஐந்து பெண்கள் சேர்ந்து குழு லோன் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் பதினான்கு மாதம் ஒழுங்காக டியூ கட்டிவிட்டு, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார். போன் எடுப்பதில்லை. பதினைந்தாவது மாதம் ஃபீல்டு ஆபீசர் வந்து உட்கார்ந்து, "அவங்க டியூவையும் நீங்க நாலு பேரும் சேர்த்துக் கட்டுங்க, குரூப்புன்னாலே கூட்டுப் பொறுப்புதான்" என்கிறார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கிற பேச்சு இது.

அமைச்சரவையைப் பற்றிய செய்தியிலும் இதே சொல் வருகிறது. சாலை மறியலில் நின்றவர்கள் மீது வழக்கு என்றால் அங்கேயும் "எல்லோரும் பொறுப்பு" என்கிறார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கடனில் அது ஒரு பொருள் தருகிறது, குற்ற வழக்கில் வேறு, சட்டமன்றத்தில் முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் கட்ட வேண்டியிராத பணத்தைக் கட்டியவர்களும் உண்டு. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை இருந்தும் விட்டுவிட்டவர்கள் அதைவிட அதிகம்.

முதலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தக் கூட்டுப் பொறுப்பானாலும் இந்த நான்குக்கும் விடை தேடினால் போதும்.

1. என்னிடம் யார் வந்து கேட்க முடியும்? வங்கியா, காவல்துறையா, சட்டமன்றமா, கூட இருப்பவரா?
2. முழுவதையும் கேட்க முடியுமா, என் பங்கை மட்டுமா?
3. நான் கொடுத்தால் மற்றவர்களிடம் திரும்ப வாங்க வழி உண்டா?
4. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

"தனித்தும் கூட்டாகவும்" என்ற இரண்டு சொற்கள்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. அதன் 43-ஆம் பிரிவு சொல்வது: பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரையில், கடன் கொடுத்தவர் அவர்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம். ஐந்து பேரையும் தேடிப்போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கையில் காசுள்ள ஒருவரிடமே மொத்தமும் கேட்கலாம். ஒப்பந்தங்களில் வரும் "தனித்தும் கூட்டாகவும் பொறுப்பு" என்ற தொடருக்கு இதுதான் பொருள். என் பங்கைக் கட்டிவிட்டேன், ஆளை விடுங்கள் என்று கடன் கொடுத்தவரிடம் சொல்ல முடியாது.

அதே பிரிவுக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முழுவதையும் கட்டியவர் மற்றவர்களிடம் சம பங்கு கேட்டு வாங்கலாம். அவர்களில் ஒருவரால் முடியவில்லை என்றால், அந்த நட்டத்தை மீதிப் பேர் சமமாகத் தாங்க வேண்டும்.

44-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் ஒருவரை மட்டும் விடுவித்தால் மற்றவர்கள் தானாக விடுபட மாட்டார்கள். விடுபட்டவரும் சக உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கிலிருந்து தப்ப முடியாது.

ஜாமீன் போடுவது இதிலிருந்து சற்று மாறுபட்டது. கடன் ஒருவருடையது, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பது இன்னொருவரின் வாக்கு. 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு. கடனாளியிடம் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பது ஊரில் நிலவும் நம்பிக்கை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய சட்டம் அந்த வரிசையைக் கேட்பதில்லை.

உங்கள் குழு மூன்றில் எது?

குழு லோன் என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வகைகள் இருக்கின்றன. ஃபீல்டு ஆபீசர் சொல்வதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

1. எல்லோரும் ஒரே கடனுக்குக் கூட்டுக் கடனாளிகள். ஒரே ஒப்பந்தம், எல்லோருடைய கையெழுத்தும் அதில்.
2. ஒவ்வொருவருக்கும் தனிக் கடன். ஆனால் ஒருவருக்கொருவர் ஜாமீன். கூட்டுப் பொறுப்புக் குழு என்ற பெயரில் நடப்பவற்றில் இது அதிகம் காணும் வடிவம்.
3. ஒவ்வொருவருக்கும் தனிக் கடன். வசூலுக்கு ஒரே இடத்தில் கூடுவதற்காக மட்டும் சென்டர், லீடர் என்ற ஏற்பாடு. ஜாமீன் கிடையாது. இந்த வகையில் அடுத்தவர் டியூவுக்கு நீங்கள் சட்டப்படி ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

மூன்றாவது வகைக் குழுவில் இருந்துகொண்டு இரண்டாவது வகைக்கான பணத்தைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் பெரிய அநியாயம். கண்டுபிடிக்க வழி எளிது: ஒப்பந்தத்தில் "தனித்தும் கூட்டாகவும்", "ஜாமீன்", "உத்தரவாதம்" ஆகிய சொற்கள் உங்கள் பெயரோடும் கையெழுத்தோடும் வருகின்றனவா என்று பாருங்கள். ஒப்பந்தமும் விவரத் தாளும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறை சொல்கிறது. நம் பக்கத்தில் தமிழ். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பகுதிகளில் சிலருக்குத் தெலுங்கோ கன்னடமோ.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம். எழுத்தில் இல்லை என்பதாலேயே ஜாமீன் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அப்படியொரு வாக்கு கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவருடையது.

கணக்கு: நான்கு பேர் எவ்வளவு தாங்க வேண்டும்?

தொடக்கத்தில் சொன்ன ஐவரையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ரூ. 50,000 கடன், 24 மாதத் தவணை, குறையும் இருப்பில் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. மாத டியூ ஏறத்தாழ ரூ. 2,640. ஊரைவிட்டுப் போனவர் 14 டியூ கட்டியிருக்கிறார். பாக்கி 10 டியூ, அதாவது ரூ. 26,400. குழு இரண்டாவது வகை, பரஸ்பர ஜாமீன் என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு பேரும் பகிர்ந்தால் மாதம் தலைக்கு ரூ. 660, மொத்தத்தில் தலைக்கு ரூ. 6,600. ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகத் தாங்க வேண்டும் என்பது 146-ஆம் பிரிவு.

நான்கில் ஒருவர், அதாவது பூ வியாபாரத்தில் கையில் காசு புழங்குபவர், சண்டை வேண்டாம் என்று 26,400 முழுவதையும் கட்டிவிடுகிறார். மற்ற மூவரிடமும் தலைக்கு 6,600 வீதம் ரூ. 19,800 கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த மூவரில் ஒருவர் முற்றிலும் நொடித்துப்போனால் பாரம் மூன்றாகப் பிரிந்து தலைக்கு ரூ. 8,800 ஆகும்.

பெங்களூரில் இருப்பவர் இதனால் கடனிலிருந்து விடுபட்டுவிடவில்லை. கட்டிய ஜாமீன்தாரர், 140-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவரின் இடத்துக்கே வந்துவிடுகிறார். 145-ஆம் பிரிவின்படி சரியாகக் கட்டிய தொகை முழுவதையும் கடனாளியிடம் கேட்கலாம். கால வரம்பு 3 ஆண்டுகள். கடனாளி மேல் போடும் வழக்குக்குப் பணம் கட்டிய நாளிலிருந்தும், சக ஜாமீன்தாரர் மேல் போடும் வழக்குக்குத் தன் பங்கைவிடக் கூடுதலாகக் கட்டிய நாளிலிருந்தும் இந்த 3 ஆண்டு ஓடத் தொடங்கும்.

மாதாமாதம் கட்டுவதா, மொத்தமாக முடிப்பதா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்து டியூவையும் இன்றே முடித்தால் வரப்போகும் வட்டி கழிந்துவிடும். மேலே சொன்ன வட்டியில் அது ஏறத்தாழ ரூ. 23,700-தான் வரும். நுண்கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கு பேருக்கும் சேர்த்து 2,700 ரூபாய் மிச்சம்.

கட்டிய பணம் எங்கே காணாமல் போகிறது?

இந்த உரிமைகள் எல்லாம் வழக்கமாகத் தோற்றுப்போவது ஒரே இடத்தில்: ரசீதில். ஊரைவிட்டுப் போனவரின் லோன் கார்டை லீடர் வைத்திருப்பார். நான்கு பேரும் பணம் கொடுப்பார்கள். வசூலானதாக அந்தக் கார்டில் குறிப்பு ஏறும். காகிதத்தில் பார்த்தால் ஓடிப்போனவரே தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்! இரண்டு ஆண்டு கழித்து அவர் ஊர் திரும்பி "என் கடனை நான்தானே கட்டினேன், கார்டைப் பாருங்கள்" என்றால் மறுக்க ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

1. கட்டும் அன்றே தீர்மான நோட்டில் எழுதுங்கள்: "இன்னாருடைய மே மாத டியூ ரூ. 2,640-ஐ அவர் கட்டாததால், ஜாமீன்தாரர்கள் என்ற முறையில் கீழே கையெழுத்திட்ட நால்வரும் தலா ரூ. 660 வீதம் கட்டினோம்." தேதி, நால்வர் கையெழுத்து, வசூலித்தவர் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.
2. முடிந்தவரை ஜிபே, போன்பே வழியாக நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். குறிப்பில் யாருக்காக என்று போடுங்கள். ஆபீசரின் சொந்த எண்ணுக்கு அனுப்பக் கூடாது.
3. ரசீதில் "செலுத்தியவர்" இடத்தில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று கேளுங்கள்.
4. ஊரைவிட்டுப் போனவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். முகவரி தெரியாவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு. வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, நீல டிக் வந்ததைப் படம் எடுத்து வைக்கலாம்.

இதற்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது; தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இந்த மாதிரிச் சிறு தொகைத் தகராறுக்கு லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) மிகப் பொருத்தமான இடம். அங்கே சமரசமாகி வரும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

ஜாமீன்தாரர் விடுபடும் இடங்கள்

உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 133). ஒருவருக்கு மட்டும் ரகசியமாக டாப்-அப் லோன் கொடுத்துவிட்டு, அதற்கும் நீங்கள் ஜாமீன் என்று வந்தால் இதைச் சொல்லலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் கடனாளியோடு ஒப்பந்தம் போட்டுத் தவணைக் காலத்தை நீட்டித்தாலும் ஜாமீன் கழன்றுபோகும் (பிரிவு 135). ஆனால் அச்சடித்த படிவங்களில் இந்தப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகத்தை முன்கூட்டியே போட்டிருப்பார்கள். அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் இறந்துபோனால் அவசரப்பட்டு அவர் டியூவைக் கட்டத் தொடங்க வேண்டாம். நுண்கடன்களில் பெரும்பாலும் கடன் தொகைக்கான ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருகிறார்கள். லோன் கார்டைப் பாருங்கள்; இறப்புச் சான்றிதழோடு காப்பீட்டுக் கோரிக்கை முதலில் போகட்டும். வாரிசுகள் பொறுப்பென்பதும் அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான்.

வசூலில் எது கூடாது

பொறுப்பு இருக்கிறது என்பது வேறு, எப்படியும் வசூலிக்கலாம் என்பது வேறு. ஜாமீன் நூறு சதவீதம் செல்லுபடியானாலும் இவை கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்வது, ஓயாமல் அழைப்பது, உறவினரையும் நண்பரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய வெளியிடுவது, கடன் அளவைப் பற்றியோ கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியோ பொய் சொல்வது. வசூல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம்.

"அந்தப் பணம் வராமல் யாரும் எழுந்து போகக் கூடாது" என்று சென்டர் மீட்டிங்கில் இரவு எட்டு மணி வரை பெண்களை உட்கார வைப்பது நடக்கிறது. வீட்டில் பால் கறக்க வேண்டும், பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதும் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 126, 127 பிரிவுகளின்படி குற்றம். கடன் ஒப்பந்தத்தில் எந்த வாசகம் இருந்தாலும் இதற்கு அனுமதி ஆகாது. டியூ கட்டாமல் இருப்பது சிவில் விவகாரம். அதற்காகச் சிறை கிடையாது, ரேஷன் கார்டும் போகாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

புகாருக்கு முதல் படி, லோன் கார்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டிய குறைதீர் அதிகாரி. எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்; தொலைபேசி 14448. அடைத்து வைத்தார்கள், மிரட்டினார்கள் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, நேரே காவல் நிலையம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாதம் 20,000 வரும் வீட்டுக்கு உச்சவரம்பு 10,000. அடுத்தவருக்காகத் திடீரென்று கட்ட நேரும் டியூ கடன் கொடுக்கும் நாளில் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் வீடு அங்கேதான் கவிழ்கிறது.

சுய உதவிக் குழு வேறு சங்கதி

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு பிறந்த மண் தர்மபுரி. 1989-இல், கிருஷ்ணகிரியும் அதே மாவட்டமாக இருந்த காலத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கேதான் தொடங்கியது. சுய உதவிக் குழுவில் வங்கிக் கடன் குழுவின் பெயரில் வருகிறது. குழு தன் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வங்கிக்கும் உறுப்பினருக்கும் நடுவே குழு என்ற அடுக்கு இருப்பதால் "நான் வங்கியில் கடன் வாங்கவே இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடன் இணைப்பின்போது எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திடும் உறுப்பினர்களுக்கு இடையேயான ஒப்பந்தத்தில், குழுவின் கடனுக்குத் தனித்தும் கூட்டாகவும் பொறுப்பு என்ற வாசகம் இருக்கும். ஊக்குநரும் (குழுவை முன்னின்று நடத்தும் உறுப்பினர்) பிரதிநிதிகளும் குழு சார்பில் கணக்கை இயக்கலாம் என்ற அதிகாரமும் அதே தாளில்தான் கொடுக்கப்படுகிறது.

இதில் கேடு வரும் வழி: ஊக்குநர் பணத்தை எடுத்துத் தானே வைத்துக்கொள்கிறார். அவருக்கு அதிகாரம் கொடுத்தது உறுப்பினர்கள் என்பதால் வங்கியைப் பொறுத்தவரை குழு கடன்பட்டதுதான். நம்பிக்கை மோசடி என்று ஊக்குநர் மேல் தனியே புகார் கொடுக்கலாம். அந்தப் புகார் வங்கிக் கடனை நிறுத்தாது. காப்பு முன்கூட்டியே வேண்டும். கையெழுத்திடுபவர்களைச் சுழற்சியில் மாற்றுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி கையெழுத்திடாத ஓர் உறுப்பினரின் எண்ணுக்குப் போகட்டும். ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கைப் பதிந்து கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். வெற்றுக் காசோலையில் முன்கூட்டி கையெழுத்துப் போட்டு வைப்பது மட்டும் கூடவே கூடாது.

கூட்டு வியாபாரமும் கூட்டுறவுச் சங்கமும்

கிருஷ்ணகிரியில் மா மண்டியோ மாங்கூழ் ஆலையோ நான்கு பேர் பங்காளிகளாக நடத்தினால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பொருந்தும். பிரிவு 25: ஒவ்வொரு பங்குதாரரும், தான் பங்குதாரராக இருந்த காலத்தில் நிறுவனம் செய்த எல்லாவற்றுக்கும் தனித்தும் கூட்டாகவும் பொறுப்பு. பத்து சதவீதப் பங்கு வைத்திருப்பவரின் வீட்டை முழுக் கடனுக்கும் ஜப்தி செய்யலாம். விலகியவர் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை வெளியாட்களுக்குப் பொறுப்பாகவே தொடர்கிறார்; பதிவு செய்த நிறுவனமானால் பதிவாளருக்குத் தகவல், அரசிதழ், உள்ளூர் மொழி நாளிதழ் மூன்றும் வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சாதாரண உறுப்பினருக்கு அந்தப் பயம் இல்லை. பொறுப்பு பெரும்பாலும் பங்குத் தொகையோடு நின்றுவிடும். இயக்குநர் குழுவினர் நிலை வேறு: தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1983-இன் 87-ஆம் பிரிவின்படி கையாடலுக்கும், வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தால் வந்த நட்டத்துக்கும் தண்டத் தீர்வை, அதாவது அந்த நட்டத்தை அவர்களிடமே வசூலிக்கும் உத்தரவு, விதிக்கலாம். இதைத் தனித்தனி ஆளாகப் பார்த்துத்தான் விதிக்க வேண்டும். அதனால்தான் தவறான தீர்மானத்தை எதிர்த்த இயக்குநர் தன் எதிர்ப்பைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியச் சொல்வது அவசியம். வாயால் சொல்லிவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

குற்ற வழக்கில் கூட்டம்

இங்கே பங்கு பிரிப்பே கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து செய்த குற்றத்துக்குத் தலைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்டனை என்று இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால் ஒவ்வொருவரும் முழுக் குற்றவாளி. இதற்கு இரண்டு வாசல்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்களைத் தருகிறேன். அடைப்புக்குறிக்குள் பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்.

1. பொது எண்ணம், பிரிவு 3(5) (பழைய 34). இரண்டு பேரே போதும். முன்கூட்டியோ அந்த நொடியிலோ ஒன்றுபட்ட எண்ணமும் செயலில் பங்கும் வேண்டும்.
2. சட்டவிரோதக் கூட்டம், பிரிவுகள் 189, 190 (பழைய 141, 149). ஐந்து பேராவது வேண்டும். கூட்டத்தின் பொது நோக்கம் சட்டம் பட்டியலிட்டவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கும், நடக்கக்கூடும் என்று கூட்டத்தினருக்குத் தெரிந்திருந்த குற்றத்துக்கும், அந்த நேரத்தில் கூட்டத்தில் இருந்த எல்லோரும் பொறுப்பு.

"அந்த நேரத்தில்" என்பது முக்கியம். 2023 பிப்ரவரி 2 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் கோபசந்திரத்தில் எருது விடும் விழா அனுமதி தொடர்பாகத் தேசிய நெடுஞ்சாலையை மறித்தபோது அது கல்வீச்சில் முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் விழா பார்க்க வந்தவர், மறியலில் உட்கார்ந்தவர், கல் எறிந்தவர் ஆகிய மூவரும் ஒரே கூட்டமாகத்தான் வீடியோவில் தெரிவார்கள். சட்டத்துக்கு மூவரும் ஒன்றல்ல. வேடிக்கை பார்த்தவர் கூட்டத்தின் உறுப்பினர் அல்ல. அமைதியாகத் தொடங்கிய கூட்டம் வழியில் சட்டவிரோதமாக மாறலாம். மாறியது தெரிந்தும் தொடர்ந்து நிற்பவர் உறுப்பினராகிவிடுகிறார், விலகிப் போனவர் ஆகமாட்டார். பெருங்கூட்ட வழக்குகளில் ஒருவரைத் தண்டிக்க இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒத்த விவரம் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை 1964-இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஊரையே முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கும் வழக்கத்துக்கு எதிராக இன்றும் கைகொடுப்பது அந்த அளவுகோல்தான்.

வாச்சாத்தி: பொறுப்பு மேல்நோக்கியும் போகும்

கூட்டத்தின் பொறுப்பு என்றால் பொதுமக்கள் மேல் பாயும் சட்டம் என்றே பலரும் எண்ணுகிறோம். அரூர் தாலுகாவில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி அதை மாற்றிக் காட்டியது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அரசு ஊழியர்கள் கூட்டமாக அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே தண்டனை விதிக்கப்படவில்லை. வன்கொடுமைக் குற்றம் நிரூபணமான 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. கூட்டாகப் போனதற்கான பொறுப்பு ஒன்று, அவரவர் கையால் செய்ததற்கான பொறுப்பு மற்றொன்று என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தபோது இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா ரூ. 10 லட்சம் அரசு தர வேண்டும். அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் பொறுப்புக்குள் வரும் என்பதை இந்த உத்தரவு சொல்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் விடாமல் நின்ற அந்தக் கிராமத்துப் பெண்களால் கிடைத்தது அது.

ஊர் முழுக்க அபராதம் போட முடியுமா?

முடியும், ஆனால் அரசு மட்டும், சட்டம் சொன்ன காரணத்துக்கு மட்டும். குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 10ஏ பிரிவின்படி, தீண்டாமைக் குற்றத்துக்கு ஒரு பகுதி மக்கள் துணைபோனாலோ குற்றவாளிகளை ஒளித்து வைத்தாலோ சாட்சியங்களை மறைத்தாலோ மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டுக் கூட்டு அபராதம் விதிக்கலாம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதை அந்தச் சட்டக் குற்றங்களுக்கும் நீட்டித்தது. அவரவர் வசதியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும், தொடர்பில்லாதவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம், எதிர்த்து மனுக் கொடுக்க வழி உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து கூடி ஒரு குடும்பம் முழுவதற்கும் "கட்டுப்பாடு" போட்டு ஒதுக்கி வைப்பதற்கோ தண்டம் விதிப்பதற்கோ எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

அமைச்சரவை

அரசமைப்புச் சட்டத்தின் 164(2) பிரிவு: மாநில அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஒன்றிய அமைச்சரவைக்கு 75(3). தமிழ்நாட்டில் 234 உறுப்பினர்களில் 15 சதவீத வரம்பின்படி முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்தான் அமைச்சர்களாக இருக்கலாம். அவர்களில் ஒருவர் துறையில் தவறு நடந்தாலும் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றால் எல்லோரும் போக வேண்டும். அமைச்சரவை முடிவை உள்ளே எதிர்க்கலாம். வெளியே வந்தால் ஆதரிக்க வேண்டும் அல்லது பதவி விலக வேண்டும்.

நமது நான்கு கேள்விகளில் முதலாவதை இங்கே கேட்டால் விடை சட்டமன்றம் மட்டுமே. இது அரசியல் பொறுப்பு; யாருடைய சட்டைப்பையிலிருந்தும் பணம் எடுக்காது, ஒருவர் குற்றத்துக்கு இன்னோர் அமைச்சரைச் சிறைக்கு அனுப்பாது. 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஓர் அமைச்சர் பேசியதை இந்தக் கோட்பாட்டைக் காட்டி அரசின் பேச்சாக ஆக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. எனவே "அமைச்சரவைக்கே கூட்டுப் பொறுப்பு, உங்களுக்கு இல்லையா?" என்று சென்டர் மீட்டிங்கில் கேட்பவர் இரண்டு சம்பந்தமில்லாத சட்டங்களை முடிச்சுப் போடுகிறார்.

வெளியே வருவது

குழுவைவிட்டு விலகுகிறேன் என்று கூட்டத்தில் சொல்லி, தீர்மானமும் எழுதி, சேமிப்பையும் வாங்கிக்கொண்டு போனவரிடம் ஓராண்டு கழித்து வங்கி நோட்டீஸ் வருவது உண்டு. குழுவுக்குள் போட்ட தீர்மானம் வங்கியைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் காரணம். சரியான வரிசை இது:

1. விலகும் நாளில் குழுவின் வங்கிக் கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள்.
2. உங்கள் பங்கைக் கட்டி, குழுவின் நிலுவையின்மைச் சான்றும் தீர்மான நகலும் வாங்குங்கள்.
3. தீர்மான நகலோடு, என்னை இந்தக் கடனிலிருந்து விடுவிக்கக் கேட்கிறேன், இனி வரும் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல என்று கிளைக்குக் கடிதம் கொடுங்கள். தொடர் ஜாமீனானால், அதாவது இனி வரும் கடன்களுக்கும் சேர்த்துக் கொடுத்த ஜாமீனானால், வரும் கடன்களைப் பொறுத்து இந்த அறிவிப்பே போதும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 130). பழைய கடனுக்கு வங்கியின் சம்மதம் வேண்டும்.
4. கடிதத்தின் இரண்டாவது நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.
5. மூன்று மாதம் கழித்து உங்கள் கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அதில் உங்கள் பெயரில் முடிந்த கடன் இன்னும் திறந்தே இருந்தால், அந்த முத்திரையிட்ட நகலை இணைத்துத் திருத்தம் கேளுங்கள்.